ஜனாதிபதி மேல் வழக்குப் போட்டவர்களில் கடைசி ஆள்

— ஆக்னஸ், ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கு.

— இதுக்கு மேல இறக்கணும்னா தரையைத் தோண்டணும், லூயி. ஏற்கெனவே பூனை மட்டும்தான் நுழைய முடியும். அதுவும் சாப்பிடாத பூனை.

— அந்தக் கறுப்புக் கார் நிக்குதா?

— நிக்குது.

— உள்ள எத்தனை பேரு?

— ஒருத்தர்தான். தொப்பி வெச்சிருக்காரு. ஏதோ சாப்பிடறாரு.

— சாப்பிடறானா! போச்சு. சாப்பாடு கட்டிக்கிட்டு வந்திருக்கான்னா நம்மளை முடிச்சிட்டுத்தான் கிளம்புவான். வாஷிங்டன்லேயே கட்டிக் கொடுத்திருப்பாங்க.

— பார்த்தா சாதாரண சாண்ட்விச் மாதிரிதான் இருக்கு.

— அது சாண்ட்விச் இல்ல ஆக்னஸ், சாண்ட்விச் மாதிரி செஞ்ச கேமரா. இப்ப நீ எட்டிப் பார்த்தியே, உன் மூக்கு இந்நேரம் வெள்ளை மாளிகை சுவத்துல பெரிசா தெரியும்.

— தெரியட்டும். அறுபத்தெட்டு வயசுல என் மூக்கை யாராச்சும் பார்த்தா சந்தோஷம்தான். ஆமா, அங்க என்ன முனகுது? நீயா?

— நான் இல்ல. முழங்கால் பட்டு அந்தப் பழைய அக்கார்டியன் துருத்தி வாயைத் திறந்துடுச்சு.

— வெளியில வா, லூயி. சென்ட் கிளேர் தெருவுல இத்தனை வருஷமா அக்கார்டியன் விக்கறோம். கல்லாவுக்கு அடியில உக்காந்து வித்த முதல் ஆளு நீதான்.

— எல்லாம் எங்கப்பனால வந்த வினை. சக்ரைஷெக் அக்கார்டியன் கடைன்னு எங்க பேரை வெச்சுட்டுப் போயிருக்கலாமில்ல? இசட்ல ஆரம்பிக்கற பேரு, டெலிஃபோன் டைரக்டரியில கடைசிப் பக்கத்துல போயிடும், எவனும் புரட்டமாட்டான்னு, ஏ.ஏ.ஏ. அக்கார்டியன்னு வெச்சாரு.

— இந்த ஊர்ல பூட்டுக்காரன், இழுவை வண்டிக்காரன், கரப்பான் மருந்து அடிக்கறவன் எல்லாருமே அப்படித்தான் வெச்சான். உங்கப்பா மட்டுமா? அந்த மூணு ஏ-லதான் நம்ம பொண்ணு படிச்சா.

— டைரக்டரி செத்துப்போச்சு, மூணு ஏ சாகலையே! வக்கீலம்மா ஒன்பது கடைக்காரங்க பேரையும் அகர வரிசையில அடுக்கினாங்க. முதல்ல யாரு? நான்! கேஸுக்கே அதான் பேரு. ஏ.ஏ.ஏ. அக்கார்டியன் எதிர் ஜனாதிபதி. டி.வி.யில கீழ ஓடிச்சு, பார்த்தேல்ல? கல்யாணத்துல போல்கா ஆட்டத்துக்கு வாசிக்கறவனுக்குத் தோள்பட்டை வார் தெச்சுக் கொடுக்கறவன் நான். அந்தாளுக்கிட்ட அணுகுண்டு இருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எதிர்ங்கற ஒரே ஒரு வார்த்தைதான் நிக்குது.

— அந்தத் தைரியம் கையெழுத்துப் போடறப்ப இருந்துச்சே.

— அப்ப கோபம் இருந்துச்சு. இத்தாலியில ஒரு கிழவன் ஆறு மாசம் உக்காந்து செஞ்ச அக்கார்டியன், பெட்டி பெட்டியா துறைமுகத்துல கிடக்குது. திங்கக்கிழமை அந்தாளு இறக்குமதிக்கு ஒரு வரிங்கறான், புதன்கிழமை நிறுத்தி வெச்சேங்கறான், வெள்ளிக்கிழமை ரெண்டு மடங்குங்கறான். பெட்டியை எடுத்தா கடை போச்சு, எடுக்கலேன்னாலும் போச்சு. அந்தக் கோபத்துல அந்தாளு அம்மா மேலயே கேஸ் போட்டிருப்பேன்.

— அந்தக் கோபம் எங்க போச்சு?

— வெள்ளிக்கிழமை மாதா கோயில்ல மீன் வறுவல் சாப்பிடப் போனோமே, அங்க போச்சு. நான் தட்டைக் கொண்டுபோய் வெச்சதும் ஹேங்க் ம்லக்கார் எந்திரிச்சான். அவன் பொண்டாட்டி எந்திரிச்சா. டிரம் வாசிக்கறவன் எந்திரிச்சான். பன்னெண்டு பேர் உக்கார்ற மேஜையில நானும் நீயும் உருளைக்கிழங்கு சாலட்டும்தான்.

— சாலட் நல்லா இருந்துச்சு.

— மறுநாள் ஹேங்க் அவன் அக்கார்டியனைக் கொண்டுவந்து வாசல்ல வெச்சிட்டுப் போனான். நான் வித்தது! அவன் கல்யாணத்துக்கு வாங்கினது! பெட்டியில ஒரு வார்த்தை எழுதியிருந்தான், நான் அதை உனக்குச் சொல்லல.

— துரோகின்னு எழுதியிருந்தான். நான்தான் துடைச்சேன்.

— உனக்குத் தெரியுமா?

— கல்லாவுக்கு அடியில உக்காந்திருக்கறவனுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. சரி, எந்திரி. மூணு மணிக்கு நீதிபதியம்மா ஃபோன்ல வருவாங்க. ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கேஸ்ல இருக்கீங்களா, விலகறீங்களான்னு அவங்களே கேக்கப் போறாங்களாம். வக்கீல் மிரட்டிச் சேர்த்தாங்கன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாதாம்.

— அதைப் பத்திக் கவலையில்ல. நான் ஒரு வேலை பண்ணிட்டேன். உஷ், கிட்ட வா.

— என்ன பண்ணே?

— போன வாரம் வக்கீலம்மாகிட்ட கேட்டேன். இந்தக் கடை கம்பெனியா? இல்ல. கடைன்னாலும் நான்தான், நான்னாலும் கடைதான். அப்ப லிஸ்ட்ல கடைப் பேரு எதுக்கு, என் சொந்தப் பேரைப் போட்டுடுங்கன்னேன். மாத்திட்டாங்க! லுட்விக் சக்ரைஷெக். இசட்! இப்ப நான் கடைசி, ஆக்னஸ். எனக்கு முன்னாடி எட்டுப் பேரு நிக்கறாங்க, சுவர் மாதிரி.

— அடப்பாவி.

— கடைசியில இருக்கற சுகம் உனக்குத் தெரியாது, நீ கல்யாணத்துக்கு முன்னாடி நோவாக்குங்கற பேர்ல இருந்தவ, வரிசைல நடுவுல. பள்ளிக்கூடத்துல போலியோ ஊசி போட வந்தாங்க. என்கிட்ட வர்றதுக்குள்ள மருந்து தீர்ந்துபோச்சு! சிஸ்டர் பெனடிக்டா ஆஜர் எடுப்பாங்க. எல்லாரும் உள்ளேன் சிஸ்டர், உள்ளேன் சிஸ்டர்னு கத்தி முடிச்சு என் பேர் வர்றப்ப மணி அடிச்சிடும். எட்டு வருஷம் படிச்சேன், நான் வந்திருக்கேனா இல்லையான்னே அந்தம்மாவுக்குத் தெரியாது. அப்படி ஒரு நிம்மதி.

— முன்னாடி நிக்கற எட்டுப் பேர்ல ஒருத்தர் ஓடிட்டா?

— ஓடட்டும். ஏழு பேரு இருக்காங்க. எனக்கு நேர் முன்னாடி யாரு தெரியுமா? டட்டில்! மீன்பிடித் தூண்டில் வரவழைச்சு விக்கறாரே, மோன்டானாக்காரர். முன்னாள் ராணுவம். அவர் கழுத்து என் இடுப்பு சைஸ். கரடிக்கு முத்தம் கொடுத்த ஆளுன்னு சொல்றாங்க. அந்தக் கழுத்துக்குப் பின்னாடி நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் உக்காந்திருப்பேன்.

— அப்புறம் ஏன் இப்ப ஒளியறே?

— கடைசியில இருந்தாலும் லிஸ்ட்ல இருக்கேனே.

— லூயி. என் முகத்தைப் பாரு. வேற ஏதோ இருக்கு.

— ஒண்ணுமில்ல.

— குனிஞ்சு பேசறதுக்கு எனக்கு முதுகு வலிக்குது. சொல்லு.

— ஒருத்தன் ஃபோன் பண்ணான். செவ்வாய்க்கிழமை. திட்டலை. திட்டியிருந்தா பரவால்ல. ரொம்ப மரியாதையா, சார்னு சொல்லிப் பேசினான். உங்க பொண்ணு மேரியன், பார்மா ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ் டீச்சர்தானே சார், நீல நிறக் கார்தானே சார், சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளைங்களை ரோடு தாண்டி விடுவாங்கல்ல சார்னான். அவ்வளவுதான். வெச்சுட்டான். அதுக்கப்புறம் ஒரு வாய் சோறு இறங்கல, ஆக்னஸ்.

— எனக்கும் பண்ணான்.

— என்ன?

— அதே செவ்வாய்க்கிழமை. மேடம்னான். நான் மேரியன்கிட்ட சொல்லிட்டேன். அவ போலீஸ்ல சொல்லிட்டா. அவ பள்ளிக்கூட வாசல்ல இப்ப ஒரு போலீஸ்காரர் நிக்கறாரு. ரெண்டாங்கிளாஸ் பசங்க அவர் தொப்பியைப் பிடுங்கிக்கிட்டாங்களாம்.

— மேரியன் என்ன சொன்னா? என்னைத் திட்டினாளா?

— அப்பா எங்கன்னு கேட்டா. கல்லாவுக்கு அடியிலன்னேன். சரி, அப்பா என்ன முடிவு பண்ணாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன், ஆனா முதுகு பிடிச்சுக்கும், ஒரு தலையணை கொடுன்னா.

— ஆக்னஸ்...

— உஷ். காரைத் திறக்கறாரு.

— யாரு? எந்தக் காரு?

— தொப்பிக்காரர். இறங்கிட்டாரு. தெருவைத் தாண்டறாரு. நம்ம வாசலுக்குத்தான் வர்றாரு.

— துடைப்பத்தை எடு! இல்ல, காலையிலேருந்து ஷட்டர் சந்துல வெச்சிருக்கோமே, அந்தக் கிளாரினெட்டை இன்னும் நீட்டு!

— தட்டறாரு, லூயி.

— நான் செத்துட்டேன்னு சொல்லிடு.

— யாருங்க அது?

— மேடம், கையைத் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கறேன். என் அம்மா மேல ஆணையா என்கிட்ட ஒண்ணுமில்ல. முதல்ல அந்தத் துப்பாக்கியை உள்ள இழுங்க.

— அது கிளாரினெட்.

— மடோன்னா, மாதாவே! மூணு மணி நேரமா அதுக்குப் பயந்துதான் காருக்குள்ள உக்காந்திருந்தேன். சக்ரைஷெக் இருக்காரா?

— அவர் இறந்துட்டாரு.

— உள்ள யாரோ முனகறாங்களே?

— அக்கார்டியன்.

— தானாவா?

— உங்க பேரு என்னங்க?

— அபாத்தே. சால்வத்தோரே அபாத்தே. ஈரிங்கற ஊர்லேருந்து வர்றேன். கல்யாணத்துக்குக் கொடுக்கறாங்களே சர்க்கரைப் பாதாம், அதை இத்தாலிலேருந்து வரவழைச்சு விக்கறவன். கேஸ்ல உங்க வீட்டுக்காரருக்கு அடுத்த ஆளு. போன வாரம் வரைக்கும் அடுத்த ஆளு!

— லூயி, வெளியில வா. நம்ம ஆளுதான்.

— நம்ம ஆளுன்னு அவன் சொல்லுவான். ஒரு பாதாமை உள்ள உருட்டிவிடச் சொல்லு.

— இந்தாங்க, ஒரு பொட்டலமே உருட்டறேன். சாப்பிட்டுட்டு வெளியில வாங்க பெரியவரே, உங்களை நாலு கேள்வி கேக்கணும்.

— பாதாம்தான், ஆக்னஸ். நல்ல பாதாம். ஷட்டரை ஒரு ஜாண் தூக்கு, ஊர்ந்து வரட்டும்.

— வந்துட்டேன். எங்க அவரு? கீழயா? பெரியவரே, இது நியாயமா? நாங்கெல்லாம் உங்க பேருக்குப் பின்னாடி தைரியமா நின்னோம். ஏ.ஏ.ஏ. அக்கார்டியன்! கேக்கறதுக்கே ஒரு பட்டாளம் மாதிரி இருந்துச்சு. நான் உங்களை ஏழடி உயரம்னு நினைச்சிருந்தேன். ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பார்த்தா நீங்க கடைசிக்குப் போயிட்டீங்க, டி.வி.யில என் பேரு ஓடுது! அபாத்தே எதிர் ஜனாதிபதி!

— ஏதோ... எழுத்துல ஒரு சின்ன மாறுதல்.

— சின்ன மாறுதலா? என் சம்சாரத்துக்கு நான் கேஸ் போட்டதே தெரியாது. முடி வெட்டற கடையில உக்காந்து டி.வி.யில பார்த்திருக்கா. பாதி முடியோட வீட்டுக்கு வந்துட்டா. இந்த வாரம் மூணு கல்யாண ஆர்டர் போச்சு. எங்க பாதிரியாரே பாதாம் வேண்டாம்னுட்டாரு, சாமி மேல ஆணை!

— எங்க மேஜையிலேருந்து பத்துப் பேரு எந்திரிச்சுப் போனாங்க.

— எங்க மாப்பிள்ளையே எந்திரிச்சுப் போயிட்டான், பெரியவரே. அவன் எங்க வீட்டுலதான் இருக்கறான்.

— ரெண்டு பேரும் நிறுத்துங்க. மணி ஆகுது. அபாத்தே சார், நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?

— இவரை மறுபடி முதல்ல போகச் சொல்லத்தான், மேடம். கெஞ்சிக் கேக்கறேன். இல்லேன்னா நான் மூணு மணிக்கு விலகிடுவேன்.

— முடியாது. எனக்கு முதுகு பிடிச்சிருக்கு.

— லூயி, அவர் உன்னை மூட்டை தூக்கச் சொல்லல. இங்க பாருங்க ரெண்டு பேரும். எனக்குச் சட்டம் தெரியாது. வக்கீலம்மா சொன்னதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன். குளிர் காலத்துக்கு ஃப்ளோரிடா போறோம், பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சாவியைக் கொடுக்கறோம். எதுக்கு? குளிர்ல குழாய் வெடிச்சா உள்ள போய் மூடறதுக்கு. அவர் உள்ள போய் சோபாவுல உக்காந்துக்கிட்டு, போற வர்றவங்ககிட்ட வாடகை வாங்கினா? கேட்டா, சாவி என்கிட்டதானே இருக்குங்கறாரு. நெருக்கடி நேரத்துக்குன்னு ஜனாதிபதிக்குக் கொடுத்த சட்டம்தான் அந்தச் சாவி. வெளிநாட்டுச் சரக்கை வரவிடாம தடுக்கலாம்னு அதுல இருக்கு. வரி போடலாம்னு ஒரு வார்த்தை இல்ல. வரி போடறது நம்ம ஓட்டுல போன நாடாளுமன்றத்தோட, அந்தக் காங்கிரஸோட வேலை. ஜனாதிபதியே ஆனாலும் வீட்டுக்காரன் ஆயிட மாட்டாரு.

— அதை நீங்களே கோர்ட்ல சொல்லலாமே, மேடம்.

— என் பேரு லிஸ்ட்ல இல்ல சார். அடிபட்டவங்கதான் போய் அடிபட்டேன்னு சொல்லணும். கோர்ட்டு தெருத்தெருவா வந்து கேக்காது. ஒருத்தரும் மிஞ்சலேன்னா கேஸ் இல்ல. கேஸ் இல்லேன்னா கேள்வி இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் சோபாவை விட்டு எந்திரிக்கவே மாட்டாரு.

— ஃபோன் அடிக்குது.

— எடு, ஆக்னஸ். எடுக்காதே. எடு. ஸ்பீக்கர்ல போடு. ஐயோ, ஏன் போட்டே?

— நான் நீதிபதி ஹார்க்னெஸ் பேசறேன். எல்லாரும் கேக்கறீங்களா? அரசு வக்கீல் லைன்ல இருக்காரு. மனுதாரர்களோட வக்கீலும் இருக்காங்க. நான் பேர் கூப்பிடறேன். கேஸ்ல நீடிக்கறவங்க இருக்கேன்னு சொல்லுங்க. விலகறவங்க விலகறேன்னு சொல்லுங்க. பதில் வரலேன்னா விலகிட்டதா எடுத்துக்குவேன். அபாத்தே.

— மிஸ்டர் அபாத்தே, உங்களைத்தான்.

— தெரியுது மேடம். அம்மா... நீதிபதியம்மா... எனக்கு மூணு பொண்ணுங்க. விலகறேன். மன்னிச்சுக்குங்க. பெரியவரே, நீங்களும் மன்னிச்சுக்குங்க. இந்தப் பொட்டலத்தையும் வெச்சுக்குங்க.

— பரவால்லப்பா. இன்னும் ஏழு பேரு இருக்காங்க. உக்காரு.

— பர்க்ஹால்டர், பாலாடைக்கட்டிக் கடை. பர்க்ஹால்டர்? பதிலில்ல. டெலேனி சகோதரர்கள்?

— நாங்க விலகறோம்மா. நாங்க ரெண்டு பேருமே.

— இங்கர்சால், சைக்கிள் மணி.

— விலகறேன்.

— ஆக்னஸ், என்ன இது, சீட்டுக்கட்டு மாதிரி சரியுது? யாராவது நிறுத்தச் சொல்லேன்.

— லம்பேர்ட். திருமதி லம்பேர்ட், பொம்மைக் கண்கள்.

— அம்மா, எனக்கு எண்பத்தி மூணு வயசு. நான் இருக்கேன்னு சொல்லத்தான் வந்தேன். ஆனா பக்கத்துல என் பையன் தலையாட்டி வேண்டாங்கறான். விலகறேன். எனக்கு வெக்கமா இருக்கு.

— ஓக்ல்ட்ரீ? பதிலில்ல. பிரெண்டர்காஸ்ட்?

— விலகறேன்.

— பெரியவரே, ஏழு பேரு போயாச்சு.

— பயப்படாதே. இப்பதான் டட்டில் வர்றாரு. கேளு, இடி மாதிரி இருக்கும் குரல். இடி!

— டட்டில்.

— ...மேடம், டட்டில் பேசறேன்.

— சத்தமா பேசுங்க மிஸ்டர் டட்டில்.

— இதுக்கு மேல வரல மேடம். நான் பாலைவனத்துல சண்டை போட்டவன். எதிர்ல நிக்கறவன் மூஞ்சி தெரிஞ்சா எனக்குப் பயமில்ல. இப்ப யாருன்னே தெரியாத ஒருத்தன் ஃபோன் பண்ணி, என் பேரப்பிள்ளை எந்த பஸ்ல போறான்னு ரொம்ப மரியாதையா சொல்றான். நான் விலகறேன்.

— லூயி! எங்க போறே? கல்லாவுக்கு அடியில ஏற்கெனவே உள்ளதான் இருக்கே, இன்னும் எங்க போறே?

— அவருக்கும் வந்திருக்கு, ஆக்னஸ். அந்தக் கழுத்துக்கே வந்திருக்கு.

— மேதகு நீதிபதி, அரசுத் தரப்புல ஒரு வார்த்தை. மனுதாரர் யாரும் மிஞ்சலேன்னா வழக்கு தானா விழுந்துடுது. ஜனாதிபதிக்கு இந்த அதிகாரம் உண்டா இல்லையாங்கற கேள்வியை இந்த நீதிமன்றம் தொடவே வேண்டியதில்ல.

— பட்டியல்ல இன்னும் ஒரு பேர் இருக்கு, வக்கீல் சார். பொறுங்க. சக்ரைஷெக்.

— லூயி.

— மணி அடிக்கும், ஆக்னஸ். எப்பவும் அடிச்சிடும்.

— சிஸ்டர் பெனடிக்டா இல்ல இது. இங்க மணி கிடையாது.

— சக்ரைஷெக். ரெண்டாவது தடவை கூப்பிடறேன். நீங்க ஒருத்தர்தான் மிச்சம். நீங்க நீடிச்சா வழக்கு இனிமே உங்க பேர்லதான் நடக்கும். சக்ரைஷெக் எதிர் ஜனாதிபதின்னு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு பதில் சொல்லுங்க.

— பெரியவரே, விலகிடுங்க. என் அம்மா மேல ஆணை, யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க.

— ஆக்னஸ், நீ ஏதாவது சொல்லேன். எதுக்கு அங்க போறே? என்ன பண்றே?

— ஷட்டரைத் தூக்கறேன்.

— எதுக்கு?

— கடை திறந்திருக்கற நேரம் இது. நீ என்ன சொன்னாலும் சரி லூயி, நான் உன்கூடதான் வீட்டுக்கு வருவேன். ஆனா இருட்டுல சொல்லாதே.

— மூணாவது தடவை, கடைசித் தடவை. சக்ரைஷெக்... பதிலில்லேன்னு குறிச்சுக்கலாமா? லைன்ல ஏதோ முனகற சத்தம் வருது. யாரது?

— அது அக்கார்டியன், அம்மா. எந்திரிக்கப் பார்த்தேன், முழங்கால் அது மேல பட்டுடுச்சு.

— பேசறது யாருங்க?

— உள்ளேன் அம்மா. லுட்விக் சக்ரைஷெக். இன்னும் கல்லாவுக்கு அடியிலதான் இருக்கேன், ஆனா உள்ளேன்.